வலது கைக்குப் போகிற நரம்பு

அருப்புக்கோட்டை
11.8.2024

அக்காவுக்கு,

நேற்று மச்சான் கொண்டுவந்த பையை இந்தக் கடிதத்தோடு அப்படியே திருப்பிக் கொடுத்தனுப்புகிறேன். கேப்பை மாவு, கருப்பட்டி, பிள்ளைக்குத் தைத்த இரண்டு சட்டை. எதையும் பிரிக்கவில்லை. மச்சான் எங்கள் எலக்ட்ரிக்கல் கடை வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை. இவர்தான் டீ வாங்கிக் கொடுத்தார். மச்சான்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லிவிடு.

உன் நம்பரை என் போனில் பிளாக் பண்ணி வைத்திருக்கிறேன். உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன். கத்தினால் பால் குறைகிறது என்று அத்தை சொல்கிறார்கள். தாளில் என்றால் அடித்து எழுதலாம்.

மகிழினிக்கு நாளையோடு இரண்டு மாதம். இடது கையை ஆட்டுகிறாள், வாயில் வைக்கிறாள், என் முடியைப் பிடிக்கிறாள். வலது கை உடம்பு ஓரமாக ஒட்டிக் கிடக்கிறது. முழங்கை மடங்குவதில்லை, தோள் தூக்குவதில்லை. உள்ளங்கை பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கிறது. இவர் அதைப் பார்த்துவிட்டு, "யாருக்கும் தெரியாம லஞ்சம் வாங்குற கை மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு கடைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மதுரையில் குழந்தைகளுக்கான நரம்பு டாக்டரிடம் காட்டினோம். அந்த அம்மா சொன்னதைப் படமாகப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். விலங்கியல் படித்தபோது இதே படத்தை வரைந்து பாகம் குறித்துப் பத்துக்கு ஒன்பது வாங்கினவள் நான். அப்போது அது மார்க்குக்கான படம்.

மண்டை ஓட்டுக்குள் மூளை. அதிலிருந்து தண்டுவடம் முதுகெலும்புக்குள் இறங்குகிறது. முள்ளெலும்புகளின் இடுக்குகளிலிருந்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று நரம்புகள் வெளியே வருகின்றன. மொத்தம் முப்பத்தொரு ஜோடி. அதில் ஒவ்வொரு கைக்கும் ஐந்து வேர்கள், கழுத்தடியிலிருந்து கிளம்பி, காறை எலும்புக்குப் பின்னால் ஒன்றோடொன்று பின்னி, பிறகு பிரிந்து கைக்குள் போகின்றன. மேலே உள்ள இரண்டு வேர்கள் தோளையும் முழங்கையையும் அசைப்பவை. மகிழினிக்கு அந்த இரண்டும்தான் இழுபட்டிருக்கின்றன. விரல்களுக்குப் போகிற கீழ்வேர்கள் நன்றாக இருக்கின்றன. அதனால்தான் விரல் மட்டும் பிடிக்கிறது. கையைத் தூக்கு என்று மூளை சொல்கிறது. அந்தச் சொல் கழுத்துவரை வந்து நின்றுவிடுகிறது.

கழுத்து ஒரு பக்கமும் தோள் இன்னொரு பக்கமும் இழுபட்டால் இப்படி ஆகும் என்றார் டாக்டர். பெரும்பாலும் பிரசவத்தில்தான் ஆகும் என்றும் சொன்னார். பிறந்தபோது கை சரியாக இருந்தது என்று நான் அடித்துச் சொன்னேன். பெற்றவளுக்குத் தெரியாதா?

கழுத்து ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம். எனக்குப் பதினாறாம் நாள்தான் ஞாபகம் வருகிறது. உன் வீட்டில் நான் குளித்துவிட்டு வருவதற்குள், பழைய நூல் சேலையில் என் பிள்ளையைப் போட்டு, ஒரு முனையை உங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு உரம் எடுக்கிற முத்துப்பேச்சியும் மறுமுனையை நீயும் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிக்கொண்டிருந்தீர்கள். "உரம் விழுந்திருக்குடி, கழுத்துப் பிடிச்சிருக்கு, உருட்டி எடுத்துட்டாச் சரியாப்போகும்" என்றாய். நான் பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டபோது அந்தக் கை தொங்கியது.

அம்மா இல்லாத வீட்டில் நீதான் அம்மா என்று நினைத்து உன்னிடம் பிள்ளை பெற வந்தேன்.

கனகலட்சுமி


நரிக்குடி
19.8.2024

கனகம்,

பை வந்துச்சு. மாவுல ஒரு கரண்டி குறையல. ரொம்ப நேர்மைக்காரிதான் நீ.

நலம், நலமறிய ஆவல்னு பள்ளிக்கூடத்துல எழுதச் சொல்லிக் குடுத்தாக. அதை எழுதுற நிலையில நான் இல்ல. நேரா விசயத்துக்கு வாரேன்.

உன் படத்தைப் பாத்துட்டு உங்க மச்சான், "கருவேலஞ்செடியைத் தூரோட பிடுங்கித் தலைகீழா நட்டாப்புல இருக்கே"ன்னாக. எனக்கு வெளங்குச்சு. பத்தாவதுவரைக்கும் நானும் அறிவியல் படிச்சவதான்.

உரம் எடுத்தது நெசம். உன்னைக் கேக்காம எடுத்தது தப்பு. நீ குளிக்கப் போற நேரம் பாத்து எடுத்தது அதைவிடத் தப்பு. கேட்டா வேண்டாம்பேன்னு தெரிஞ்சுதான் அப்பிடிச் செஞ்சேன். அதுக்கு நீ என்ன பேசினாலும் வாங்கிக்கிறேன்.

ஆனா கை அதுக்கு முன்னாலயே வரல கனகம். ஆஸ்பத்திரியில ரெண்டாம் நாள் காலையில நர்ஸு கையில இருந்து சில்வர் தட்டு விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இடது கை படார்னு விரிஞ்சுச்சு. வலது கை கெடந்த எடத்துலயே கெடந்துச்சு. நான் அப்பவே பாத்தேன்.

ஏன் சொல்லலன்னு கேப்ப. உனக்குத் தையல் போட்டிருந்துச்சு. காய்ச்சல் வேற. நாலே கால் கிலோப் பிள்ளையைப் பெத்துட்டு நீ கெடந்த கெடையைப் பாத்து எனக்கு வாய் வரல. ரெண்டு நாள்ல சரியாயிரும்னு பாத்தேன். வீட்டுக்கு வந்தும் சரியாகல. கழுத்தும் ஒரு பக்கமாவே திரும்பி இருந்துச்சு. நம்ம பக்கத்துல பிள்ளை கழுத்தைத் திருப்பலைன்னா உரம்னுதான நினைப்போம்? அதான் முத்துப்பேச்சியைக் கூப்பிட்டேன்.

பிரசவ அறைக்கு வெளிய நின்னது நான். தலை வந்துருச்சு, தோள் மாட்டிக்கிச்சு, சீக்கிரம் வாங்கன்னு உள்ள கத்துனது என் காதுல விழுந்துச்சு. அதையும் உங்கிட்டச் சொல்லாம வச்சிருந்தேன். இப்பச் சொல்லிட்டேன்.

பிள்ளைக்கு டாக்டர் என்ன செய்யச் சொல்லியிருக்காக? அதை மட்டும் எழுது.

தங்கத்தாய்


அருப்புக்கோட்டை
24.8.2024

அக்கா,

பார்த்தாயாம். பார்த்துவிட்டுப் பதினான்கு நாள் வாயைத் திறக்கவில்லையாம். நீ சொல்வது பொய்யென்றால் உருட்டினது குற்றம். மெய்யென்றால் மறைத்தது குற்றம். இரண்டில் எது உனக்கு வசதியோ அதை எடுத்துக்கொள்.

கேட்டதால் எழுதுகிறேன். நீயும் ஒருநாள் இவளைத் தூக்கக்கூடும், தெரியாமல் தூக்கிவிடக் கூடாது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. சட்டை போடும்போது வலது கையை முதலில் விட வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். இங்கே இன்பராஜ் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கிறார். அவர் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு தடவை துணி மாற்றும்போதும் தோளையும் முழங்கையையும் மணிக்கட்டையும் நாங்களே மெதுவாக அசைத்து விடுகிறோம். நரம்பு வருவதற்குள் மூட்டு இறுகிவிடக் கூடாதாம்.

நரம்பு வருமா என்றால், வரலாம். முழுக்க அறுந்திருந்தால் தானாக வராது. உள்ளே இழைகள் மட்டும் சேதப்பட்டிருந்தால் அந்த உறைக்குள்ளேயே மறுபடி வளர்ந்து இறங்கும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். அரிசிப் பானையில் கைவிட்டு ஒரு அரிசியை எடுத்து ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். ஒரு வாரத்துக்கு ஒரு அரிசி நீளம். அவள் கழுத்திலிருந்து புஜத்துச் சதைவரை எத்தனை அரிசி என்று அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து, "ஏம்மா, அரிசியில புழுவா?" என்றார்கள்.

மூன்று மாதம் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முழங்கை மடங்குவதற்கான அறிகுறியே இல்லாவிட்டால் ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டிவரும். கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்துக் கழுத்தில் ஒட்டுப் போடுவார்களாம். இந்தச் சின்னக் காலிலிருந்து எடுத்து அந்தச் சின்னக் கழுத்தில்.

தினமும் அவள் கண்முன் கிலுகிலுப்பையை ஆட்டிவிட்டு வலது கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சமயத்தில் என் கை தானாகத் தூக்கிக்கொள்கிறது.

கனகலட்சுமி


நரிக்குடி
20.9.2024

கனகம்,

மூணு மாசம் தாண்டிருச்சு. உங்கிட்ட இருந்து ஒரு வரி இல்ல.

போன செவ்வாக்கெழமை உரம் வாங்க அருப்புக்கோட்டைக்கு வந்தேன். யூரியாவைச் சொல்றேன், பயந்துக்காத. உங்க கடைக்கு எதிர்த்தாப்புல பழக்கடை ஓரமா நின்னேன். உங்க அத்தை பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்ல நடந்தாக. வலது கை அவுக முதுகுப் பக்கம் தொங்குச்சு. விரல் மட்டும் சேலையைக் கெட்டியாப் பிடிச்சிருந்துச்சு. அதைப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். பழக்காரம்மா, "வாங்கவா வந்த, நிக்கவா வந்த?"ன்னா. ரெண்டு மாதுளை வாங்கிட்டு வந்தேன். நானே தின்னேன்.

ஒரு நாளைக்கு ஒரு மில்லின்னு எழுதியிருந்த. உங்க மச்சான்கிட்டச் சொன்னேன். "கண்மாய்ல மடையைத் திறந்தா மொத வயல் நனைஞ்சு, அடுத்த வயல் நனைஞ்சு, கடைசி வயலுக்குப் போக நாளாகும்ல? வரப்பு உடையாம இருந்தாப் போய்ச் சேந்துரும்"னாக. அவுக புத்திக்கு எட்டுனது அது.

டாக்டர்கிட்டப் போனியா இல்லையா? திட்டியாவது எழுது.

தங்கத்தாய்


அருப்புக்கோட்டை
6.10.2024

அக்கா,

இந்தக் கடிதம் தாமதம். செப்டம்பர் பதினான்காம் தேதியே எழுதியிருக்க வேண்டியது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். பிள்ளை அழுகிறாள், வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை.

அன்று மதுரைக்குப் போனோம். டாக்டர் அவளுடைய புஜத்தில் விரலை வைத்துக் காத்திருந்தார். சதை லேசாகத் துடிக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிறகு கேட்டார்: "பிறந்த வாரத்துல எடுத்த வீடியோ எதுவும் இருக்காம்மா?"

நீ தட்டு விழுந்ததைப் பற்றி எழுதியபோதே அந்த வீடியோ எனக்கு ஞாபகம் வந்தது. நான் திறந்து பார்க்கவில்லை. பயம். ஆனால் இவர் உடனே போனை எடுத்து நீட்டிவிட்டார்.

எடுத்தது நான்தான். கட்டிலில் சாய்ந்துகொண்டு எடுத்திருக்கிறேன். பிள்ளை தூங்குகிறது. தட்டு விழுகிற சத்தம். இடது கை விரல்களை விரித்துக்கொண்டு மேலே போகிறது. வலது கை அசையவே இல்லை. என் குரல் சிரித்துக்கொண்டே சொல்கிறது: "பாருங்க, ஒத்தைக் கையால சல்யூட் அடிக்கிறா உங்க மக!" அந்த வார்த்தையோடுதான் ஊரெல்லாம் பார்க்க ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன். குறைந்தது ஐம்பது தடவை பார்த்திருப்பேன்.

நான் கவனிக்காதது அதற்குப் பிறகு வருகிறது. ஓரத்திலிருந்து ஒரு கை உள்ளே வருகிறது. சிவப்புக் கண்ணாடி வளையல். உன் கை. பிள்ளையின் வலது கையை இரண்டு விரலால் தூக்கிப் பார்க்கிறாய். விடுகிறாய். அது விழுகிறது. மறுபடி தூக்கிப் பார்க்கிறாய். பிறகு துணியை இழுத்து மூடிவிடுகிறாய். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். "இது எத்தனாவது நாள்?"

"ரெண்டாவது நாள் மேடம்" என்றார் இவர்.

"அப்ப பிறக்கும்போதே பட்டதுதான்." என்னைப் பார்த்து, "சத்தம் கேட்டா ரெண்டு கையும் விரியணும்மா. அது பிள்ளை நினைச்சுச் செய்யறது இல்ல. மூளையோட அடித்தண்டுல இருந்து உத்தரவு தானா இறங்கும். ஒரு பக்கம் மட்டும் விரிஞ்சா இன்னொரு பக்கம் வழியில தடைன்னு அர்த்தம். தோள் மாட்டிக்கிட்டா நிமிசக் கணக்குல வெளிய எடுக்கணும், இல்லைன்னா உயிருக்கு ஆபத்து. அதனால யாரையும் குத்தம் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க" என்றார்.

நான் சேலையில் உருட்டினதைச் சொன்னேன். "அது செய்யவே கூடாது. இழுபட்ட நரம்பு இன்னும் மோசமாகியிருக்கலாம். ஆனா இந்தக் கை வராததுக்குக் காரணம் அது இல்ல" என்றார். இரண்டு பாதியையும் அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

பதினாறாம் நாள் தெருவில் நின்று உன்னையும் முத்துப்பேச்சியையும் என்னென்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. "என் பிள்ளையை நொண்டிக் கையாக்கிட்டீங்க" என்று சொன்னது மட்டுமல்ல, மற்றதும். (இந்த இடத்தில் எழுதி அடித்திருக்கிறேன். சரியான சொல் வரவில்லை.)

இன்னொன்று. முந்தாநாள் பாயில் கிடந்தவள் வீறிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால் வலது தோளுக்குக் கீழே, வெளிப்பக்கம், ஒரு சிவப்பெறும்பு. தட்டிவிட்டுவிட்டு அவள் அழ அழச் சிரித்தேன். அத்தை, "பிள்ளை அழுகுது, இவ சிரிக்கிறா. மாதவா, இவளை எங்கயாவது கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்று மகனிடம் சொன்னார்கள். அவர்களுக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆனது. தண்டுவடத்திலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு நரம்புக்கும் முன்வேர் ஒன்று, பின்வேர் ஒன்று. முன்வேர் உத்தரவை வெளியே கொண்டுபோகிறது. பின்வேர் செய்தியை உள்ளே கொண்டுவருகிறது. எறும்பு கடித்த இடம் அந்த இழுபட்ட மேல்வேருக்குரியது. அங்கே கடித்தது மூளைக்குத் தெரிந்திருக்கிறது. போகிற வழி இன்னும் சரியாகவில்லை, வருகிற வழி திறந்திருக்கிறது.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் இப்போது கூப்பிடாதே. எனக்கு இன்னும் முகமில்லை.

கனகம்


நரிக்குடி
14.10.2024

கனகம்,

கூப்பிடல. சொன்னபடி கேட்டுட்டேன்.

நீ அடிச்சதை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு வாசிச்சேன். மன்னிப்புன்னு எழுதியிருக்க. பேனாவால நாலு தடவை இழுத்தும் தெரியுது. எங்கிட்ட அது வேண்டாம். நான் மறைச்சேன், நீ பேசினே. அக்கா தங்கச்சிக்குள்ள அது கழிஞ்சு போகும்.

ஆனா ஒண்ணு இருக்கு. முத்துப்பேச்சி என்ன பாவம் செஞ்சா? நான் கூப்பிட்டேன், வந்தா. நீ அன்னைக்குத் தெருவுல நின்னு பேசினதுல இருந்து அவளுக்கு இங்க "கை ஒடிச்சவ"ன்னு பேர். அவ மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா. சொந்தப் பேத்தியைக் குளிப்பாட்ட விடமாட்டேங்குறா மருமகன். "அத்தை நீங்க தூரப் போங்க"ன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லியிருக்கான். அவ எங்கிட்ட வந்து, "தங்கம், நெசமாவே நான்தானா?"ன்னு கேட்டா. இப்ப உன் லெட்டர் இருக்கு. நான் வாசிச்சுக் காட்டினா, தனக்குத்தானே வக்காலத்து வாங்குறான்னு சொல்வாக. நீ சொல்லணும்.

எறும்பு விசயம் கேட்டுச் சிரிச்சேன். உங்க மச்சான் ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போன எடத்துல முள்ளுக் குத்திட்டு வந்து கத்துனாக. "கத்துங்க, நரம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம்"னேன். சோறு வேண்டாம்னு படுத்துட்டாக.

தங்கத்தாய்


அருப்புக்கோட்டை
30.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மறுபடியும் தாமதம். இந்தத் தடவை பயம் காரணமில்லை. ஒன்றை உறுதியாகப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

நவம்பர் இரண்டாம் தேதி அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். முழங்கை மடங்கியது. நான் மடக்கவில்லை. என் விரல் அவள் கையிலேயே இல்லை. இவரைக் கூப்பிட்டேன். இவர் வந்தபிறகு மடக்கவில்லை. "கரெண்ட் வர்றதும் போறதுமா இருக்கும்மா, லூஸ் கனெக்‌ஷன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் அவர் கண்முன்னாலேயே மடக்கினாள். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துவிட்டார். ஒயர் வாங்க வந்த ஆள், "என்னண்ணே, ரெண்டாவது பிள்ளையா?" என்று கேட்டாராம்.

படுத்தபடி மடக்குவது ஒன்று. கையின் கனத்தைத் தூக்கி மடக்குவது வேறு. அதைப் பார்க்கத்தான் டிசம்பர் பதின்மூன்றாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள், ஆறாம் மாதம் முடிந்ததும். பிள்ளை முகத்தில் ஒரு சின்னத் துண்டைப் போடுவார்களாம். எந்தப் பிள்ளையும் உடனே பிடித்து இழுக்கும். ஆனால் நல்ல கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். வலது கையாலேயே எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் ஆபரேஷன் தேவைப்படாது. எடுக்காவிட்டால் தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் ஒத்திகை பார்க்கலாம் என்று இவர் துண்டை எடுத்தார். நான் இடது கையைப் பிடித்தேன். அவள் துண்டுக்குள் அழுததும் விட்டுவிட்டேன். இடது கையால் இழுத்துப் போட்டாள். இவர் பிடித்துப் பார்த்தார். இவரும் விட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் அவள் அழுதால் கை தளர்ந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிடிப்பார்கள். ஆனால் புது ஆள் தொட்டால் வலது கையை மறந்து அழுவதிலேயே இருந்துவிடுவாள்.

உன்னையும் அவளுக்கு ஞாபகம் இருக்காது. ஆனால் உன் கை என் கை மாதிரிதான் இருக்கும். நீ பிடித்தால் விடமாட்டாய். நீ வந்து இடது கையைப் பிடித்துக்கொள்.

ஆறு மாதம் முடிந்தால் கூழ் கொடுக்கலாம் என்றார்கள். அந்தக் கேப்பை மாவு இருந்தால் கொண்டுவா. பழசு வண்டு வைத்திருக்கும், புதுசாக அரைத்துக்கொண்டு வா.

இதற்குக் கீழே இருப்பது முத்துப்பேச்சி அக்காவுக்கு. தெருவில் வைத்து வாசி. நான் தெருவில்தான் கத்தினேன்.

"முத்துப்பேச்சி அக்காவுக்குக் கனகலட்சுமி எழுதுவது. என் மகளின் கை பிறக்கும்போதே நரம்பு இழுபட்டதால் வராமல் போனது. நீங்கள் சேலையில் போட்டு உருட்டியதால் அல்ல. மதுரை டாக்டர் இதைச் சொல்லியிருக்கிறார். எழுதியும் கொடுத்திருக்கிறார். நான் தெரியாமல் உங்களை ஊரறியப் பேசிவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள். உங்கள் பேத்தியை நீங்கள் குளிப்பாட்டுங்கள். சேலையில் மட்டும் உருட்ட வேண்டாம். அதையும் டாக்டர் சொல்லியிருக்கிறார்."

கனகம்


நரிக்குடி
5.12.2024

கனகம்,

அடிகுழாய்கிட்ட வச்சு வாசிச்சேன். காலையில எட்டு மணிக்கு, குடம் நிக்கிற வரிசை பூரா கேட்டுச்சு. முத்துப்பேச்சி மருமகன் பல்லு வெளக்கிக்கிட்டே கேட்டான். முடிச்சதும் முத்துப்பேச்சி, "அதெல்லாம் கெடக்கட்டும், பிள்ளைக்குக் கை மடங்கிருச்சா, அதைச் சொல்லுடி"ன்னா. மடங்கிருச்சுன்னேன். குடத்தை வச்சுட்டு உக்காந்து அழுதா. பின்னால நின்னவ, "அழுதுட்டே தண்ணி அடி, வரிசை நகரட்டும்"னா.

உரம் எடுக்குறதை விட்டுருன்னு சொல்லியிருக்கேன். மொறைச்சா. "கை வராத பிள்ளையைத் தொட மாட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லிருவேன்"னு அந்த மட்டுக்கு எறங்கியிருக்கா. மிச்சத்தை நீ வந்து பேசு, படிச்சவ.

நான் வாரேன். பன்னெண்டாம் தேதியே திருச்சுழி வழியா வந்து சேருறேன். மழை பிடிச்சாலும் வருவேன். கண்மாய் ரொம்பிக் கெடக்கு, கடைசி வயலுக்கும் தண்ணி ஏறிருச்சு.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். பிள்ளையைத் தூக்குறதா இருந்தாலும், தொடுறதா இருந்தாலும், உன்னைக் கேட்டுத்தான் செய்வேன். நீ குளிக்கப் போனா நானும் வெளிய வந்து உக்காந்துக்கிறேன். சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன்.

தங்கத்தாய்


அருப்புக்கோட்டை
15.12.2024

அன்புள்ள அக்கா,

ஆடு குட்டி போடுகிற நாள் என்று நீ மாட்டுத்தாவணியில் ஓடிப்போய் பஸ் ஏறிவிட்டாய். ஏறுகிற அவசரத்தில், "எடுத்துட்டாள்ல?" என்று மட்டும் கேட்டாய். எடுத்துவிட்டாள் என்று தலையாட்டினேன். எப்படி எடுத்தாள் என்று உனக்குத் தெரியாது. நீ கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாய். முந்தின நாள் முழுக்க "தூக்கட்டுமா கனகம்? தொடட்டுமா கனகம்?" என்று கேட்டுக் கேட்டு அத்தையைச் சிரிக்கவைத்தவள், முக்கியமான நேரத்தில் பார்க்கவே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் துண்டைப் போட்டார். வெள்ளைத் துண்டு, நம் கைக்குட்டை அளவு. முதலில் இடது கையைத்தான் இழுத்தாள். நீ விடவில்லை. அழுதாள். விடவில்லை. நான் ஒரு அடி முன்னால் வந்தேன். டாக்டர் என்னைப் பார்க்காமலேயே, "அம்மா அங்கேயே நில்லுங்க" என்றார்.

பிறகு வலது தோள் அசைந்தது. கை மேலே வரவில்லை, பக்கவாட்டில் பாயோடு தேய்ந்தபடி வந்தது. முழங்கை மடங்கியது. கை காதுவரை வந்து நின்றது. அங்கிருந்து தவறி விழுந்தது. மறுபடி தோள். மறுபடி முழங்கை. இந்தத் தடவை விரல்கள் துண்டின் ஓரத்தைப் பிடித்துவிட்டன. விரல்தான் அவளுக்கு முதலிலிருந்தே நன்றாக இருக்கிறதே. பிடித்ததை விடாமல் இழுத்தாள். முழுக்க வரவில்லை. ஒரு கண்ணும் மூக்கும் வெளியே வந்தன. அந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டாள்.

"போதும். இது எடுத்ததுதான்" என்றார் டாக்டர். அப்போதும் நீ கையை விடவில்லை. நர்ஸ் வந்து, "விடுங்கம்மா, முடிஞ்சிருச்சு" என்று உன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

ஆபரேஷன் இப்போது இல்லை. கை தலைக்கு மேல் முழுக்கத் தூக்குமா என்று சொல்ல முடியாது என்றார். கொஞ்சம் குறைவாகவே நிற்கலாமாம். ஜடை பின்னும்போது சிரமப்படலாம், எழுதுவதற்குத் தடை ஒன்றும் இருக்காது என்றார். ஜடையை நான் பின்னிவிட்டுக்கொள்கிறேன். பயிற்சியை நிறுத்தக் கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடி போக வேண்டும்.

கூழை இரண்டு வாய் குடித்தாள், மூன்றாவதைத் துப்பினாள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். இடது கையை முதலில் எடுத்தேன். மணிக்கட்டைச் சுற்றி உன் விரல் அழுந்தின தடம், சிவப்பாக. பதறிப்போய்த் தேய்த்துவிடப் பார்த்தேன். அவள் அழவில்லை. அத்தை எட்டிப் பார்த்து, "அய்யோ, என்ன தடம்மா இது, யாரு பண்ணுனது?" என்றார்கள்.

"எங்க அக்கா" என்றேன். "நான்தான் விடாமப் பிடிச்சுக்கச் சொன்னேன்."

கனகம்